மேடம் என்று கூப்பிடு

ஜனவரி 9

சின்னவளே,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்குப் பொறுமையில்லை. உறை மேல் உன் விலாசத்தை எழுதும்போதே கை கூசியது. ஒரு தபால் பெட்டி எண், அதன் மேலே நீ புதிதாக வைத்துக்கொண்ட பெயர். தபாலாபீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ கம்பெனிக்கு வேலைக்கு மனுப் போடுகிறேன் என்று நினைத்திருப்பார். அதுவும் ஒரு வகையில் சரிதான்.

அம்மாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று நீ வரவில்லை. அதற்குப் பிறகு உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். இப்போது அந்தக் கோபத்தைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெண்ணைப் பெற்றவளுக்கு ரோஷம் கட்டுப்படியாகாது.

நம் வாலுவுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. நீ கடைசியாகப் பார்த்தபோது உன் குதிகால் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து, விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டாளே, அவள்தான். என்னைவிட வளர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடுதான் சேர்த்துவிட்டேன். நான் துணியை வேகவைக்கிற கொதிதொட்டிப் பக்கம், அவள் மடிக்கிற மேஜைப் பக்கம். ஆவிப் புகையில் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. அதுதான் வினையாகிவிட்டது. சூப்பர்வைசர் அவளை அடிக்கடி சாமான் அறைக்குக் கூப்பிடுகிறான். போர்வையை எண்ண வேண்டுமாம். போன வாரம் சட்டைக் கை கிழிந்து வந்தாள். "ஆணியில மாட்டிக்கிச்சும்மா" என்றாள். அந்த அறையில் ஆணியே கிடையாது. நான் பதினெட்டு வருஷமாகப் போய் வருகிற அறை.

புகார் சொன்னால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும். அவளை இங்கிருந்து கிளப்பியாக வேண்டும். உன்னிடம் நான் இதுவரை ஒரு கைக்குட்டைகூடக் கேட்டதில்லை. கடைக்காரர் வீட்டுப் போனில் உன்னைக் கூப்பிட்டிருப்பேன். நீ இருக்கிற வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கியது நினைவிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். உன் பெரிய மனுஷர்கள் வீட்டில் எங்கேயாவது ஒரு மூலையில் அவளுக்கு வேலை பார்த்துக் கொடு.

அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். இந்த வீட்டில் நான் தாழ்ப்பாள் போட்டால் ஏன் என்று யாரும் கேட்காத ஒரே இடம் அது. அம்மாவைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். எழுதினால் வேறெதையும் எழுத முடியாது.

நீ நினைக்கிற மாதிரி நான் இங்கே கொடிகட்டிப் பறக்கவில்லை. போன வருஷம் என் வீட்டுக்காரர் இறந்துபோனதிலிருந்து இந்த வீடு அவருடைய முதல் தாரத்து மகன்கள் இருவருக்கும் சொந்தம். என்னை வெளியே போ என்று அவர்கள் சொல்லாததற்கு ஒரே காரணம், அவருடைய நண்பர்களின் மனைவிமார். நகைக்கடைக்காரர் மனைவி, டாக்டரம்மா, கப்பல் கம்பெனிக்காரர் மனைவி. இவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாக வைத்திருக்கிறவரை மகன்கள் வாய் திறக்க மாட்டார்கள். வெளிநாட்டில் வளர்ந்தவள், பெற்றவர்கள் விபத்தில் போய்விட்டார்கள், கூடப்பிறந்தவர்கள் கிடையாது: இந்தக் கதையை அவர்தான் கல்யாணத்தின்போது கட்டினார். கட்டிவிட்டுப் போய்விட்டார். சுமக்கிறது நான்.

ஓட்டல் பார்லரில் இவர்களுக்குக் கால் நகம் வெட்டியவள் நான். ஒருத்திக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரியாது, அக்கா. அவர்கள் பார்த்ததெல்லாம் குனிந்திருந்த என் உச்சந்தலையை. ஆனாலும் எப்படி உட்கார வேண்டும், சிரிப்பை எங்கே நிறுத்த வேண்டும், தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று எல்லாம் படித்துக்கொண்டேன். பசியோடுதான் எழுந்து வருகிறேன்.

நகைக்கடைக்காரர் மனைவி மாடி வேலைக்கு ஒரு பெண் தேடுகிறாள். நல்ல அறை, நல்ல சாப்பாடு, வீட்டில் தொந்தரவு தரும் ஆண்பிள்ளைகள் இல்லை. வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் தரகர் மூலமாக வாலுவை அனுப்பு. நான் சொன்னதாகவே இருக்கக் கூடாது. அங்கே நான் வாரம் ஒருமுறை போவேன். என்னைப் பார்த்தால் அவள் சிரிக்கக் கூடாது. சித்தி என்று வாய் தவறியும் வரக் கூடாது. மற்றவர்களைக் கூப்பிடுவது போல என்னையும் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். இதற்கு அவள் ஒத்துக்கொண்டால் மட்டும் அனுப்பு.

என்னைத் திட்டிக்கொள். ஆனால் அனுப்பு.

உன் தங்கை

*

பிப்ரவரி 16

சின்னவளே,

திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன். வாலு கெடுத்துவிட்டாள். உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். அப்போதிலிருந்து வீட்டில் நான்தான் மேடம். "மேடம், குழாயில தண்ணி வந்துருச்சு." "மேடம், உங்க குறட்டையில பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவுது." பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "உன் பொண்ணுக்கு என்னாச்சு?" என்று கேட்கிறாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி.

படுக்கையைச் சுருட்டும்போது மட்டும் கேட்டாள்: "ஏம்மா, சித்திக்கு நம்மளப் பார்த்தா வெட்கமா?" நான், "வெட்கமில்லடி, பயம்" என்றேன். "அப்ப சரி. பயம்னா நான் காப்பாத்திடுவேன்" என்றாள்.

தரகரோடு நாளைக்கு அனுப்புகிறேன். வாயாடி. அவள்மேல் ஒரு கண் வை. கண்ணால் பார்க்கிறதுக்கு யாரும் உறவுமுறை கேட்க மாட்டார்கள்.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு நன்றாக இருக்கிறாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. மாடியில் மூன்று அறைகளும் அவள் பொறுப்பு. நகைக்கடைக்காரர் மனைவி அவளைப் பற்றிப் புகார் எதுவும் சொல்லவில்லை. அவளிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

முதல் தடவை அவள் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தபோது நான்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பவில்லை. "சர்க்கரை எவ்வளவு மேடம்?" என்று கேட்டாள். எனக்கு மூன்று கரண்டி என்று அவளுக்குத் தெரியும். இங்கே யாரும் சர்க்கரை போடுவதில்லை, அதனால் வேண்டாம் என்றேன். குடித்துப் பார்த்தேன், அக்கா. அடியில் மூன்று கரண்டியும் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் அடுத்த ஆளுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஒருநாள் சமையலறைப் பக்கம் கை கழுவப் போனேன். துண்டை நீட்டினாள். அவள் காது மடலில் அம்மாவுக்கு இருந்த அதே மச்சம். தொட்டுப் பார்க்கலாம் என்று கை தூக்கினேன். நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. "இன்னும் கொஞ்சம் சுத்தமான துண்டா கொடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தத் துண்டு வெளுப்பாகத்தான் இருந்தது.

அவளிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன். நீ அவளிடம் சொல்லிவிடு.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 11

சின்னவளே,

கடைக்காரர் போனுக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். வாலுவைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். நகைக்கடை வீட்டில் வைர மோதிரம் காணோமாம். ஒளித்து வைத்த இடத்தைச் சொல்லச் சொல்லி விசாரிக்கிறார்களாம். விசாரிப்பது என்றால் என்னவென்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

அவள் எடுக்கமாட்டாள். உன் செருப்பைக்கூடத் திருப்பி வைத்தவள்.

பஸ் கிடைத்து நான் அங்கே வந்து சேர இரண்டு நாளாகும். இதை அந்த ஊருக்குப் போகிற லாரிக்காரர் கையில் கொடுத்து உன் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். உடனே போ. நீ போய் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். சித்தி என்று சொல்ல வேண்டாம். உன் பெரிய மனுஷித்தனத்தை வைத்தே சொல். எனக்கு அவள் முழுசாக வேண்டும்.

அக்கா

*

ஆகஸ்ட் 30

சின்னவளே,

வாலுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மோதிரம் கிடைக்கவில்லை. "சின்னப் பொண்ணு, போகட்டும்" என்று அந்த மகராசி புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டாளாம். ஸ்டேஷனில் எழுத்தர் அதை எனக்கு ஏதோ பரிசு தருகிற மாதிரி சொன்னார். நானும் கும்பிட்டேன். கும்பிட்ட கையை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

இடது காதில் அறைந்திருக்கிறார்கள், திரும்பத் திரும்ப அதே காதில். சீழும் ரத்தமுமாக வந்தாள். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சவ்வு போய்விட்டது, அந்தக் காது இனிமேல் கேட்காது என்றார். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. நான் மறந்துபோய்க் கூப்பிட்டுவிட்டு, பிறகு சுற்றி வந்து நிற்கிறேன்.

உன்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்னைச் சபித்துக்கொண்டே வந்தேன். ஸ்டேஷன் வாசலில் நீ நிற்பாய் என்று தேடினேன். காணோம். நீ நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு வாலுவிடம் கேட்டேன்.

"அன்னைக்கு உங்க சித்தி எங்கேடி?"

"ஊர்லயே இல்லம்மா. எங்கேயோ வெளியூர் போயிருந்தாங்க. இருந்திருந்தா விட்டிருப்பாங்களா?"

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் கடிதம் பூட்டின பெட்டியில் கிடந்திருக்கும். ஊர் திரும்பி அதைப் பார்த்து நீ எப்படித் துடித்தாயோ. சபித்ததை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு நடந்ததிலும் எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல், நீ அங்கே இல்லை என்பதுதான்.

அவளைப் பார்க்க ஒருநாள் வந்து போ. யாருக்கும் தெரியாமல் வந்தாலும் சரி.

அக்கா

*

அக்டோபர் 4

அக்கா,

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதினேன். மூன்றிலும் நான் வெளியூர் போயிருந்தேன். எந்த ஊர், என்ன ரயில் என்றெல்லாம் எழுதியிருந்தேன். தபாலில் போடத்தான் கை வரவில்லை.

நான் ஊரில்தான் இருந்தேன். அந்த அறையிலேயே இருந்தேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். நகைக்கடைக்காரர் மனைவி கையைப் பார்த்தாள், மோதிரம் இல்லை. கை கழுவும்போது கழற்றினேன் என்றாள். அந்தத் தொட்டியைத் துடைத்தது வாலு. கூப்பிட்டு விரிப்பின் நடுவில் நிற்க வைத்தார்கள். சட்டைப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். ஜடையை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். உதறினாள். "நான் எடுக்கல மேடம்" என்று ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். என்னிடமும் சொன்னாள். என் முகத்தை நேராகப் பார்த்து, மேடம் என்றாள்.

நகைக்கடைக்காரர் மனைவி என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்றே? போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். கேட்டாள், அக்கா. எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நான், "விசாரிக்கட்டும்" என்றேன்.

வாலு அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. போலீஸ்காரர் வந்து, "இந்த ஊர்ல உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார்" என்றாள். நான் கையில் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பிய கடிதம் மறுநாளே எனக்குக் கிடைத்தது. ஸ்டேஷன் இருக்கிற தெருவுக்குப் போனேன். எதிரே ஒரு மருந்துக்கடை. தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் நின்றேன். உள்ளிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதனால் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

நீ சபித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளாதே.

இன்னும் இருக்கிறது. போன வாரம் மறுபடியும் அதே வீட்டில் சாப்பாடு. நகைக்கடைக்காரர் மனைவி ஒரு வேடிக்கை சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். கைப்பையின் வார் அறுந்து தைக்கக் கொடுத்தாளாம். தையல்காரர் உள்துணியைப் பிரித்தபோது மோதிரம் விழுந்ததாம். "பாவம் அந்தப் பொண்ணு, ஏதாவது அனுப்பி வைக்கணும். என் பழைய கைக்கடிகாரம் ஒண்ணு இருக்கு" என்றாள். டாக்டரம்மா, "அதுக்கு நேரம் பார்க்கத் தெரியுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். துணிச்சல் என்று நினைக்காதே, உட்கார முடியவில்லை. "அவ எங்க அக்கா பொண்ணு. எனக்குப் பெத்தவங்க விபத்துல சாகல, போன வருஷந்தான் எங்க அம்மா போனாங்க. எங்க அக்கா ஆஸ்பத்திரியில துணி வெளுக்கறா. நான் பார்லர்ல உங்க கால் நகம் வெட்டினவ" என்றேன். இத்தனை வருஷமாக நான் விழுங்கிவைத்தது ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது. இனி எல்லாம் இடிந்து விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

டாக்டரம்மா எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "உட்காரு. பார்லர் விஷயம் எங்களுக்கு எப்பவோ தெரியுமே. முதல் நாளே என் முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி நகத்தைப் பார்த்தே நீ" என்றாள். கப்பல் கம்பெனிக்காரர் மனைவி, "உன் வீட்டுக்காரரே கிளப்ல சொல்லிட்டாரும்மா. மகனுங்களுக்கும் தெரியும். நீ வெளிநாட்டுக் கதை சொல்றப்போ எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா, அதைக் கெடுக்க வேண்டாம்னு நாங்கதான் பேசாம இருந்தோம்" என்றாள்.

நகைக்கடைக்காரர் மனைவிதான் சிரிக்கவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "உன் அக்கா பொண்ணுன்னு எனக்குத் தெரியாதே. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் போலீஸுக்கே போயிருக்க மாட்டேனே" என்றாள்.

ஒரு வார்த்தை, அக்கா. நீயும் அதையேதான் எழுதியிருந்தாய்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். மோதிரம் கிடைத்துவிட்டது, அந்தப் பெண் திருடவில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "புகாரே இல்லாத கேஸுக்கு நான் என்னத்தம்மா எழுத?" என்று அனுப்பிவிட்டார்கள்.

யாரும் என்னைத் துரத்தவில்லை. அடுத்த வாரச் சாப்பாட்டுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. எங்கே போவது என்று தெரியாமல் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். நான் அங்கே வரலாமா? வாலு முன்னால் ஒருதரம் வந்து நிற்கலாமா? நீ வா என்றால் வருகிறேன்.

உன் தங்கை

*

அக்டோபர் 19

உன் கடிதம் வந்த அன்று நான் கொதிதொட்டிப் பக்கம் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் வாலு அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உறையின் மேல் என் பெயர்தான். ஆனால் இந்த வீட்டில் யார் கடிதத்தை யார் பிரிப்பது என்ற சட்டமெல்லாம் கிடையாது என்று உனக்குத் தெரியும்.

அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். நான் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்து கேட்டேன். விசாரிக்கட்டும் என்ற இடத்தில் நிறுத்தவில்லை. மருந்துக்கடையிலும் நிறுத்தவில்லை. நான்தான் எழுந்து போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம் அம்மா வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்தவள் நீ. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடித்தவள் நான்.

அவளிடம் கேட்டேன், "ஏண்டி என்கிட்ட பொய் சொன்னே?"

"நீ சித்திகிட்டப் பேசாம போயிடுவியேன்னுதான்" என்றாள்.

நான் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தேன்.

கைக்கடிகாரம் வந்தது, தரகர் கையில். அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "நல்ல சாமான், ஏன் விடறீங்க?" என்றார். நான் பேசினால் கெட்ட வார்த்தையாக வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

இங்கேயும் செய்தி பரவிவிட்டது. மோதிரம் கிடைத்தது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். உச்சுக் கொட்டுகிறார்கள், ஆனால் அவள் வந்தால் மேஜை மேல் இருக்கிறதை எடுத்து உள்ளே வைக்கிறார்கள். வேறெங்கும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் சலவைக்கூடத்துக்கு வருகிறாள். அவன்தான் இன்னும் சூப்பர்வைசர். நான் கொதிதொட்டியை விட்டுவிட்டு மடிக்கிற மேஜைக்கே மாற்றிக் கேட்டேன். கூலி குறைவு, பரவாயில்லை. சாமான் அறைக்குக் கூப்பிட்டால் இரண்டு பேராகத்தான் போகிறோம்.

நீ வரலாமா என்று கேட்டிருந்தாய். நான் அதை அவளிடம் விட்டேன். அவள் கடிதத்தில் நீ எழுந்து நின்று பேசிய இடத்தை மட்டும் மறுபடி எடுத்துப் படித்தாள். அவர்களுக்கெல்லாம் எப்பவோ தெரியும் என்ற இடத்தையும் விரல் வைத்துப் படித்தாள். கோபமெல்லாம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள்.

"ஸ்டேஷன்ல அந்தப் போலீஸம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டாங்கம்மா, உனக்கு யாரு இருக்கான்னு. சித்தி பேரைச் சொன்னா விட்டுடுவாங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும்னா, அப்ப நான் எதுக்கும்மா அடி வாங்கினேன்?"

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. என் பெயருக்கு வேண்டாம், அவள் பெயருக்கு எழுது. அவள் படித்துவிட்டு வரச் சொன்னால் வா.

அக்கா